வானூர்தி அறை அழுத்தமேற்றம்

வானூர்தி அறை அழுத்தமேற்றம் என்பது, மிகுந்த உயரத்தில் பறக்கும் வானூர்தியின் உள்ளே காற்றைச் செலுத்தி, பயணிகளும் விமானிகளும் இயல்பாக மூச்சுவிடக்கூடிய அளவில் காற்றழுத்தத்தைப் பேணும் முறையாகும். இன்றைய பெரிய தாரை வானூர்திகள் பொதுவாக 10,000 மீட்டர் முதல் 12,000 மீட்டர் வரையான உயரத்தில் பறக்கின்றன. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. அழுத்தமேற்றம் இல்லையெனில் அவ்வுயரத்தில் எவரும் ஒரு நிமிடத்திற்கு மேல் தெளிவாகச் செயற்பட முடியாது. எனினும், ஒழுங்காக இயங்கும் வரை கவனிக்கப்படாத முறை இது. ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்வது மட்டுமே பயணி உணரும் அடையாளம்.

தேவை

உயரம் செல்லச் செல்லக் காற்றில் ஆக்சிசனின் விகிதம் குறைகிறது என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. தரையிலும் 11,000 மீட்டர் உயரத்திலும் காற்றில் ஆக்சிசன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் மொத்த அழுத்தம். கடல்மட்டத்தில் சீர்தர வளிமண்டல அழுத்தம் 1013 எக்டோபாசுகல் ஆகும். ஏறக்குறைய 5,500 மீட்டரில் இது பாதியாகிறது. 11,000 மீட்டரில் 226 எக்டோபாசுகல் மட்டுமே எஞ்சுகிறது. நுரையீரலில் இருந்து ஆக்சிசன் குருதிக்குள் புகுவதற்கு அதன் பகுதியழுத்தமே காரணமாதலால், அழுத்தம் குறையும்போது எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்தாலும் உடலுக்குப் போதிய ஆக்சிசன் கிடைப்பதில்லை. அவ்வுயரத்தின் வெப்பநிலை -56 பாகை செல்சியசு அளவில் இருப்பது இன்னொரு இடர்.

இவ்வளவு இடரிருந்தும் வானூர்திகள் உயரத்தை நாடுவதற்குப் பொருளியலே முதன்மைக் காரணம். மெல்லிய காற்றில் இழுவை குறைவு. தாரை எந்திரங்களும் குளிர்ந்த மேல்வளியில் சிக்கனமாக இயங்குகின்றன. பெரும்பாலான முகில்களும் புயல்களும் கீழே தங்கிவிடுவதால் பயணமும் அலைவின்றி அமையும்.

ஆக்சிசன் குறையும் நிலையில் ஒருவர் பயனுள்ள வகையில் சிந்தித்துச் செயற்படக்கூடிய கால அளவை வான்பயண மருத்துவத்தில் "பயனுள்ள உணர்வு நேரம்" என்பர். 5,500 மீட்டரில் இது 20 முதல் 30 நிமிடங்கள். 7,600 மீட்டரில் 3 முதல் 5 நிமிடங்கள். 10,700 மீட்டரில் 30 முதல் 60 நொடிகள். 12,000 மீட்டரை அடையும்போது 15 முதல் 20 நொடிகளாகச் சுருங்கிவிடுகிறது. அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால் இந்நேரங்கள் மேலும் குறையும்.

இந்நிலையின் உண்மையான ஆபத்து, பாதிக்கப்பட்டவர் அதை உணராதிருப்பதே. வலியோ மூச்சுத்திணறலோ தோன்றுவதில்லை. மாறாக ஒருவித மகிழ்ச்சியும் அளவுமீறிய தன்னம்பிக்கையும் ஏற்படுவதுண்டு. எளிய கூட்டல் கணக்கைத் தவறாகச் செய்துவிட்டுச் சரியாகச் செய்ததாகவே அவர் நம்புவார். ஆகவேதான் விமானிகளுக்கான பயிற்சிகளில், அழுத்தம் குறைக்கப்பட்ட அறைகளுக்குள் அமரவைத்து, தத்தம் உடலில் தோன்றும் தொடக்க அறிகுறிகளை அடையாளங்காணக் கற்பிக்கின்றனர்.

செயற்படும் முறை

தாரை எந்திரத்தின் முன்பகுதியில் உள்ள அமுக்கி, உள்ளிழுத்த காற்றை எரிபொருளுடன் சேர்ப்பதற்கு முன்னர் பலமடங்கு அழுத்துகிறது. இக்காற்றில் ஒரு சிறு பகுதி, எரிபொருள் கலக்கும் முன்பே குழாய்வழி பிரித்தெடுக்கப்படுகிறது. அழுத்தப்பட்டதால் அதன் வெப்பநிலை 200 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும். எனவே வானூர்தியின் வயிற்றுப் பகுதியில் உள்ள குளிர்விப்புத் தொகுதிகள் வழியாக அனுப்பப்பட்டு, வெளிக்குளிர் காற்றாலும் ஒரு சிறு சுழலியில் விரிவடைவதாலும் குளிர்கிறது. பின்னர் அறையில் ஏற்கெனவே சுற்றிவந்து நுண்வடிகட்டிகளால் தூய்மையாக்கப்பட்ட காற்றுடன் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்து அறைக்குள் வருகிறது. அறையின் காற்று முழுவதும் இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுவதால், "அடைபட்ட காற்றையே மணிக்கணக்கில் மூச்சுவிடுகிறோம்" என்ற பொதுவான எண்ணத்திற்கு அடிப்படை இல்லை.

காற்று இடையறாது உள்ளே வந்துகொண்டிருப்பதால் அழுத்தத்தை ஆள்வது உள்வரும் வழியன்று, வெளியேறும் வழியே. வானூர்தியின் பின்பகுதியில் வெளியேற்று வால்வு எனும் கதவு போன்ற அமைப்பு உள்ளது. இது சற்று மூடினால் அறையின் அழுத்தம் கூடும், திறந்தால் குறையும். ஓட்டையுள்ள குடத்தில் குழாய்நீரைத் திறந்துவிட்டு, ஓட்டையை விரலால் கூட்டியும் குறைத்தும் நீர்மட்டத்தை நிலைநிறுத்துவதற்கு இதை ஒப்பிடலாம். முற்காலத்தில் பறப்புப் பொறியாளர் கையால் செய்துவந்த இவ்வேலையை இன்று கணினி செய்கிறது. பறக்கவிருக்கும் உயரத்தையும் சேருமிடத்தின் உயரத்தையும் விமானிகள் பதிவு செய்துவிட்டால் போதும். கணினி தவறினால் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றும் திருகியும் உண்டு. இத்திருகி 2005 இல் 121 உயிர்கள் போவதற்குத் தொடக்கமாயிற்று. அது கீழே கூறப்படுகிறது.

அழுத்தம் எல்லை மீறினால் தாமாகத் திறக்கும் காப்பு வால்வுகளும், வெளியழுத்தம் உள்ளழுத்தத்தைவிடக் கூடினால் திறக்கும் வால்வுகளும் தனியே உள்ளன. பயணப்பொதிகள் வைக்கும் கீழறைக்கு அழுத்தம் இல்லை என்பது தவறான கருத்து. பெரும்பாலான பயணிகள் வானூர்திகளில் அதுவும் அழுத்தமேற்றப்பட்ட கலத்தின் உள்ளேயே அமைகிறது. வளர்ப்பு விலங்குகளை அதில் ஏற்றிச்செல்வது இதனாலேயே இயல்கிறது.

அறை உயரம்

அறைக்குள் இருக்கும் அழுத்தம், வெளியே எந்த உயரத்தில் உள்ள அழுத்தத்திற்குச் சமமோ, அவ்வுயரம் "அறை உயரம்" எனப்படும். பன்னாட்டளவில் பின்பற்றப்படும் விதிகளின்படி இயல்பான பறப்பில் இது 8,000 அடியை, அதாவது ஏறக்குறைய 2,440 மீட்டரைத் தாண்டலாகாது. ஆக, 11,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பயணி உண்மையில் உதகமண்டலத்தைவிடச் சற்று உயரமான மலையூர் ஒன்றின் காற்றையே மூச்சுவிடுகிறார். அங்கு அழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு.

கடல்மட்ட அழுத்தத்தையே ஏன் தருவதில்லை என்னும் கேள்வி இயல்பானது. உள்ளழுத்தம் கூடக்கூட உடற்பகுதி தாங்கவேண்டிய விசை கூடும். அதற்கேற்பத் தகடுகள் தடித்து எடை மிகும். 2,440 மீட்டர் என்பது உடல்நலத்திற்கும் எடைக்கும் இடையே செய்துகொண்ட ஓர் உடன்பாடேயன்றி மருத்துவம் வகுத்த உகந்த அளவன்று. கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் ஆன உடற்பகுதியைக் கொண்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் அறை உயரம் 6,000 அடி (ஏறக்குறைய 1,830 மீட்டர்) அளவிலேயே பேணப்படுகிறது. போயிங் 787 எந்திரத்திலிருந்து அறைக்குக் காற்றைப் பிரித்தெடுக்காமல் தனியான மின்னமுக்கிகளைப் பயன்படுத்துவதும் குறிப்பிடத்தக்கது.

உடற்பகுதி தாங்கும் விசை

11,000 மீட்டர் உயரத்தில், அறை உயரம் 2,440 மீட்டராக இருக்கும்போது, உள்ளும் புறமும் உள்ள அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 527 எக்டோபாசுகல். உடற்பகுதியின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து தொன்னுக்கும் கூடுதலான விசை வெளிநோக்கித் தள்ளுகிறது என்பது இதன் பொருள். சமமான அழுத்தத்தைத் தாங்குவதற்கு வட்ட வடிவமே உகந்தது என்பதால்தான் வானூர்திகளின் உடல் உருளையாக அமைகிறது.

கதவுகள் பலவும் அடைப்பான் போன்றவை. உள்ளழுத்தம் அவற்றைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்குகிறது. இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள கதவொன்றின் மீது பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட விசை இருப்பதால், பறக்கும் உயரத்தில் எந்த மனிதராலும் அதைத் திறக்க முடியாது. தரையை நெருங்கும்போது வேறுபாடு குறைந்துவிடும். 2023 மே 26 அன்று தென்கொரியாவின் தேகு நகரில் இறங்கவிருந்த ஏசியானா ஏர்லைன்ஸ் வானூர்தியில், தரையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் ஒரு பயணி கதவைத் திறந்துவிட்டது இதனாலேயே. அவ்வானூர்தி திறந்த கதவுடன் பாதுகாப்பாகத் தரையிறங்கியது.

சாளரங்களில் பொதுவாக மூன்று அடுக்குத் தகடுகள் உண்டு. அழுத்தத்தைத் தாங்குவது வெளித்தகடு. நடுத்தகட்டின் அடியில் காணப்படும் மிகச்சிறு துளை, அழுத்தம் வெளித்தகட்டின் மீதே விழச்செய்வதோடு, இடைவெளியில் பனி படர்வதையும் குறைக்கிறது. இத்துளையைக் கண்டு கண்ணாடியில் விரிசல் என்று அஞ்ச வேண்டியதில்லை.

வரலாறு

அழுத்த அறையை முதன்மை நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்ட ஐக்கிய அமெரிக்காவின் லாக்ஹீட் எக்ஸ்சி-35 ஆய்வு வானூர்தி 1937 இல் பறந்தது. அழுத்தமேற்றப்பட்ட அறையுடன் பயணிகள் சேவைக்கு வந்த முதல் வானூர்தி போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர் ஆகும். 1940 இல் சேவைக்கு வந்த இவ்வகையில் மொத்தம் பத்து மட்டுமே கட்டப்பட்டன. இரண்டாம் உலகப்போரில் பி-29 குண்டுவீச்சு வானூர்தி இம்முறையைப் பயன்படுத்தியது. போருக்குப் பின் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் போன்றவை இதைப் பரவலாக்கின.

காமெட் விபத்துகள்

உலகின் முதல் தாரைப் பயணிகள் வானூர்தியான டி ஹாவிலண்ட் காமெட், 1952 மே 2 அன்று இலண்டன் - ஜோகானஸ்பர்க் வழித்தடத்தில் பி.ஓ.ஏ.சி நிறுவனத்தின் சேவையில் இறங்கியது. அவ்வாண்டிலேயே கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் அதன் சேவை நீட்டிக்கப்பட்டது. சுழல்விசிறி வானூர்திகளைவிட மிக உயரத்தில் பறந்ததால், அதன் உடற்பகுதி தாங்கிய அழுத்த வேறுபாடும் அதுவரை பயணிகள் வானூர்திகள் அறிந்திராத அளவில் இருந்தது.

1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து இலண்டன் செல்லும் வழியில் உரோமிலிருந்து புறப்பட்ட ஜி-ஏஎல்வைபி என்ற காமெட், எல்பா தீவின் அருகே வானிலேயே சிதறிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். சேவை நிறுத்தப்பட்டது. ஆய்வில் உறுதியான காரணம் கிட்டாத நிலையில் பல மாற்றங்கள் செய்யப்பட்டு, மார்ச் 23 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. பதினாறு நாட்களே கழிந்தன. ஏப்ரல் 8 அன்று உரோமிலிருந்து கெய்ரோ சென்ற ஜி-ஏஎல்வைவை நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து 21 பேர் இறந்தனர். காமெட்டின் பறப்புத் தகுதிச் சான்று மீளப்பெறப்பட்டது.

பார்ன்பரோவில் உள்ள அரச வானூர்தி நிறுவனம், ஆர்னல்டு ஹால் தலைமையில் ஆய்வைத் தொடங்கியது. முழு வானூர்தி ஒன்றை (ஜி-ஏஎல்வையு) இறக்கைகள் வெளியே நீட்டியிருக்கும்படி பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கி, உடற்பகுதியினுள்ளும் நீரை நிரப்பி, ஒவ்வொரு பறப்பிலும் நேர்வது போலவே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தனர். காற்றுக்குப் பதிலாக நீரைத் தெரிந்ததற்குத் தெளிவான காரணம் இருந்தது. அழுத்தப்பட்ட காற்று உடைந்தவுடன் வெடித்து, தொடக்க விரிசலின் தடயத்தையே அழித்துவிடும். நீர் ஏறக்குறைய அமுங்காப் பொருளாதலால் விரிசல் தோன்றியவுடன் அழுத்தம் விழுந்து, உடைந்த இடம் அப்படியே நிற்கும்.

உண்மையான 1,221 பறப்புகளையும் தொட்டியில் 1,836 சுற்றுகளையும் முடித்த நிலையில், 1954 ஜூனில் அந்த உடற்பகுதி ஒரு திறப்பின் மூலையில் கிழிந்தது. காரணம் உலோகச் சோர்வு. ஒருமுறை தாங்கக்கூடிய விசையையே ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கும்போது உலோகத்தில் நுண்விரிசல் தோன்றி வளர்கிறது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட ஜி-ஏஎல்வைபியின் கூரைத் துண்டும் இதையே உறுதிப்படுத்தியது. அது 1,290 பறப்புகளே கண்டிருந்தது.

காமெட்டின் "சதுரச் சாளரங்களே" விபத்துக்குக் காரணம் என்று பல நூல்களில் எழுதப்படுகிறது. இது பாதி உண்மையே. பயணிகளின் சாளரங்கள் மூலை வளைந்தவையாகவே இருந்தன. எல்பா விபத்தில் விரிசல் தொடங்கிய இடம் பயணிகளின் சாளரம் அன்று, கூரையில் வானலை உணர்கொம்புக்காக வெட்டப்பட்ட திறப்பின் அருகிலிருந்த தறையாணித் துளை. எனினும் மூலைகளில் தகைவு குவிகிறது என்ற அடிப்படைப் பாடம் மாறவில்லை.

இதனினும் நுட்பமான ஒரு பிழையும் வெளிப்பட்டது. காமெட்டை விற்பனைக்கு விடுமுன் டி ஹாவிலண்ட் நிறுவனம் உடற்பகுதியின் ஒரு பகுதியைச் சோதித்திருந்தது. அது 16,000 சுற்றுகளுக்கு மேல் தாங்கியது. ஆனால் அதே பகுதி முன்னதாக வலிமைச் சோதனைக்காக இயல்பைவிட மிகக்கூடிய அழுத்தத்திற்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அவ்வழுத்தம் மூலைகளில் இருந்த உலோகத்தைச் சற்று நெகிழச்செய்து, சோர்வைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டிவிட்டது. சேவைக்குச் சென்ற வானூர்திகளுக்கு அந்தப் பேறு இல்லை. நேர்மையாகச் செய்யப்பட்ட சோதனையே பொய்யான நம்பிக்கையைத் தந்தது. அதன்பின் வலிமைச் சோதனைக்கும் சோர்வுச் சோதனைக்கும் தனித்தனி மாதிரிகள் தேவை என்பது வழக்கமாயிற்று. திருத்தப்பட்ட காமெட் 4, 1958 அக்டோபரில் அத்திலாந்திக்கைக் கடக்கும் முதல் தாரைப் பயணிகள் சேவையைத் தொடங்கியது. ஆயினும் அதே மாதத்தில் போயிங் 707 சேவைக்கு வந்துவிட்டதால் சந்தையை அதனால் மீட்க இயலவில்லை.

பிற விபத்துகள்

1974 மார்ச் 3 அன்று பாரிசின் அருகே துருக்கி ஏர்லைன்சின் டிசி-10 வானூர்தியில் சரக்கறைக் கதவு பிய்த்துக்கொண்டது. கீழறையின் அழுத்தம் வீழ, மேலறையின் அழுத்தத்தால் தரை உடைந்து, அதனூடே சென்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் செயலிழந்தன. 346 பேர் இறந்தனர். இதே கதவுக் குறை 1972 இல் இன்னொரு டிசி-10 இல் உயிரிழப்பின்றி வெளிப்பட்டிருந்தும் முழுமையாகத் திருத்தப்படவில்லை.

1985 ஆகஸ்ட் 12 அன்று சப்பான் ஏர்லைன்சின் 123 ஆம் இலக்கப் பறப்பில், வால்பகுதியில் உள்ள அழுத்தத் தடுப்புச் சுவர் உடைந்தது. பீறிட்ட காற்று செங்குத்து வாலைப் பெயர்த்தது. நான்கு நீரியல் தொகுதிகளும் இழக்கப்பட்டன. விமானிகள் எந்திரங்களின் விசையை மட்டும் கூட்டிக்குறைத்து ஏறக்குறைய அரைமணிநேரம் போராடினர். 524 பேரில் நால்வர் மட்டுமே பிழைத்தனர். தனியொரு வானூர்தி விபத்தில் மிகக்கூடிய உயிரிழப்பு இதுவேயாகும். 1978 இல் அவ்வானூர்தியின் வால் தரையில் உரசியபோது செய்யப்பட்ட பழுதுபார்ப்பில், ஒரே தகடாக இருக்கவேண்டிய இணைப்புத் தகடு இரண்டாக வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தது. அப்பிழை ஏழு ஆண்டுகள், 12,000க்கும் மேற்பட்ட பறப்புகள் மறைந்திருந்தது.

1988 ஏப்ரல் 28 அன்று அவாயில் அலோகா ஏர்லைன்சின் போயிங் 737 ஒன்றின் கூரையில் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் பறக்கும்போதே பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். ஏனைய 94 பேரும் உயிருடன் தரையிறங்கினர். தீவுகளுக்கிடையே குறுந்தொலைவு பறந்த அவ்வானூர்தி 89,680 பறப்புகளைக் கண்டிருந்தது. வானூர்தியின் முதுமையைப் பறந்த மணிகளால் மட்டுமன்றி, அழுத்தம் ஏறி இறங்கிய தடவைகளாலும் அளக்கவேண்டும் என்பதை இது உணர்த்தியது.

உடைப்பு ஏதுமின்றி நேர்ந்தது 2005 ஆகஸ்ட் 14 அன்றைய ஈலியோசு 522 விபத்து. முன்னிரவில் பொறியாளர்கள் தரையில் கசிவுச் சோதனை செய்தபோது, அழுத்தத் திருகியைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றினர். அது அவ்வாறே விடப்பட்டது. காலையில் விமானிகளின் சரிபார்ப்புகளிலும் இது தப்பியது. சைப்பிரசின் லார்னகாவிலிருந்து ஏதென்சுக்குக் கிளம்பிய வானூர்தி அழுத்தம் ஏறாமலே உயர்ந்தது. எச்சரிக்கை ஒலி எழுந்தது. ஆனால் அதே ஒலி, புறப்படும் அமைப்பு சரியில்லை என்பதற்கும் பயன்பட்டதால், விமானிகள் அதைப் பிறழ உணர்ந்தனர். குழப்பம் தீருமுன்பே அவர்கள் மயங்கினர். தானியங்கி வானூர்தியை ஏதென்சின் மேலே வட்டமிடச் செய்தது. அருகில் சென்ற கிரேக்கப் போர்வானூர்திகளின் விமானிகள், துணைவிமானி சாய்ந்துகிடப்பதையும், பின்னர் கையாக்சிசன் கலத்துடன் பணியாளர் ஒருவர் விமானி அறைக்குள் வந்ததையும் கண்டனர். அதற்குள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 121 பேரும் இறந்தனர். பின்னர் அவ்வகை வானூர்திகளில் இரு எச்சரிக்கைகளையும் பிரித்துக்காட்டும் தனித்தனி விளக்குகள் பொருத்தப்பட்டன.

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து செய்ப்பூர் சென்ற ஜெட் ஏர்வேஸ் வானூர்தியிலும் எந்திரக் காற்றை அறைக்குத் திறந்துவிடும் விசை இயக்கப்படவில்லை. பயணிகள் சிலருக்குக் காதிலும் மூக்கிலும் குருதி வடிந்தது. வானூர்தி மும்பைக்குத் திரும்பியது. 2024 ஜனவரி 5 அன்று ஐக்கிய அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்து ஏறிக்கொண்டிருந்த அலாஸ்கா ஏர்லைன்சின் போயிங் 737-9 இல், கதவுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்ட அடைப்பு பறந்துபோனது. அதைப் பிணைக்கவேண்டிய நான்கு மரையாணிகள் பொருத்தப்படவேயில்லை. அடைப்பை ஒட்டிய இரு இருக்கைகளும் காலியாக இருந்தன. உயிரிழப்பு இல்லை.

ஆக்சிசன் முகமூடிகள்

அறை உயரம் ஏறக்குறைய 14,000 அடியை (4,270 மீட்டர்) தாண்டினால் இருக்கைகளுக்கு மேலிருந்து முகமூடிகள் தாமாக விழும். பல வானூர்திகளில் இவற்றுக்கு ஆக்சிசன் தருவது உருளைக்கலம் அன்று, வேதிவினையே. முகமூடியை இழுத்தவுடன் சோடியம் குளோரேட்டு அடங்கிய சிறு கலனில் வினை தொடங்கி ஆக்சிசன் வெளிப்படும். கலன் மிகவும் சூடாகும் என்பதால் இலேசான கருகல் மணம் வரலாம். பை உப்பாவிட்டாலும் ஆக்சிசன் வந்துகொண்டிருக்கும். 1996 இல் வேலுஜெட் 592 வானூர்தியின் சரக்கறையில் முறையின்றி ஏற்றப்பட்ட இத்தகைய கலன்கள் தீப்பற்றி 110 பேர் இறந்தனர்.

பயணிகளுக்கான ஆக்சிசன் பொதுவாக 12 முதல் 15 நிமிடங்களுக்கே போதும். இது குறைபாடன்று. விமானிகள் அதற்குள் 3,000 மீட்டர் அளவுக்கு விரைந்து இறங்கிவிடுவர், அங்கே முகமூடி தேவையில்லை. பிறருக்கு உதவுமுன் தம் முகமூடியை அணியுமாறு பணியாளர்கள் சொல்வதற்கு மேலே கூறப்பட்ட உணர்வு நேரமே காரணம். குழந்தைக்கு முதலில் அணிவிக்க முயலும் பெற்றோர், அது முடியுமுன் தாமே மயங்கக்கூடும். தமக்கு அணிந்தபின் குழந்தைக்கு அணிவித்தால் இருவரும் பிழைப்பர்.

பயணிகளின் உடல்நிலை

வானூர்தி ஏறும்போது நடுச்செவியில் உள்ள காற்று விரிந்து, தொண்டையோடு இணைக்கும் குழல் வழியாக எளிதில் வெளியேறும். இறங்கும்போது காற்று அக்குழல் வழியே உள்ளே புகவேண்டும், இது கடினம். எனவே காதுவலி பெரும்பாலும் இறங்கும்போதே வருகிறது. விழுங்குதல், கொட்டாவி விடுதல், மிட்டாயைச் சப்புதல் ஆகியன அக்குழலைத் திறக்கும். கைக்குழந்தைகளுக்கு அவ்வேளையில் பாலூட்டுவது நல்லது. கடும் சளி உள்ளவர்களுக்குச் செவிப்பறை பாதிக்கப்படலாம்.

அறைக்காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு வரையே இருப்பதால் தொண்டையும் கண்களும் உலர்கின்றன. இதய, நுரையீரல் நோயுள்ளோர் பயணத்திற்கு முன் மருத்துவரைக் கலந்துகொள்வது தேவை. நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்திருப்பவர்களும், கண்ணில் வளிமக்குமிழ் இட்டு அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும் பறத்தல் ஆகாது. அழுத்தம் குறையும்போது அக்காற்று விரிந்து உறுப்பை அழுத்தும். ஆழ்கடலில் மூழ்குவோர், குருதியில் கரைந்த நைதரசன் குமிழிகளாகும் இடர் இருப்பதால், கடைசியாக மூழ்கியதற்கும் பறப்பதற்கும் இடையே 12 முதல் 24 மணிநேரம் விடுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர்.